வேங்கிக்காலில் நானூறு லிட்டர் கடல்

அர்ஜுனனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. நல்ல மனுஷன், கெட்டிக்காரத் தொழிலாளி, எதிர்வீட்டுக்காரர் என்று நாலு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அவருடைய அக்காவுக்கு நாங்கள் இருவருமாகச் சேர்ந்து செய்த காரியத்தை விட்டுவிட்டு எழுதினால், அது பணி ஓய்வு விழாவில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிடும்.

என் பெயர் செழியன். கலெக்டர் ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. வேங்கிக்காலில் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்த தெருவில் நான் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, எதிர்வீட்டில் அர்ஜுனன் ஏற்கெனவே குடியிருந்தார். வெறும் அர்ஜுனன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சப்மெர்சிபிள் அர்ஜுனன்' என்று கேட்க வேண்டும். போர் கிணற்றுக்குள் மோட்டார் சிக்கினாலும் எரிந்தாலும் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள். அறுநூறு அடி ஆழத்திலிருந்து குழாய் குழாயாக இழுத்து, மோட்டாரைப் பிரித்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. "புதுசு வாங்கி மாட்டறதுக்கு எதுக்கு சார் மெக்கானிக்கு? அதுக்குக் கடைக்காரனே போதுமே!" அவர் வீட்டு மிக்ஸி, கல்யாணத்துக்குச் சீராக வந்த மிக்ஸி. இன்றைக்கும் ஓடுகிறது. அது ஓடும்போது தெருவில் யாரும் போன் பேச முடியாது என்பது வேறு விஷயம்.

இப்படிக் காலமெல்லாம் நல்ல தண்ணீரைத் தேடித் துளை போடும் ஊர்களில் அலைந்த மனுஷனுக்கு, நாற்பத்தைந்து வயசுக்கு மேல் உப்புத் தண்ணீர்மேல் ஆசை வந்தது. ஒரு பம்ப் கம்பெனி மெக்கானிக்குகளையெல்லாம் சென்னைக்குக் கூப்பிட்டு ஓட்டலில் கூட்டம் போட்டது. அந்த ஓட்டல் வாசலறையில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் மீனும் உயிருள்ள பவளமும். இவர் கூட்டத்துக்கே போகவில்லை. தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, எந்த பம்ப் எந்தத் தண்ணீரை எங்கே தள்ளுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஓட்டல்காரர்கள் வந்து எழுப்பி அனுப்பினார்கள்.

ஒரு வருஷத்துக்குள் அவர் வீட்டு முன்னறையில் நாலடி நீளத் தொட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே வடிகட்ட இன்னொரு தொட்டி. மேலும் கீழும் சேர்த்து நானூறு லிட்டர். கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றமாயிற்றே என்று அரசாங்க ஊழியனான நான் முதல் நாளே கேட்டுவைத்தேன். "இது தொட்டியிலயே வளத்து, வெட்டிப் பிரிச்சு விக்கறது சார், மெத்துனு இருக்கிற ஜாதி. பில்லு வெச்சிருக்கேன்" என்று சென்னைக் கடை ரசீதை எடுத்து நீட்டினார். பாறைமேல் ஒட்டி வைத்த அந்தப் பவளங்களில் ஒன்று காளான் போல இருக்கும். ஒன்று பச்சைப் பொத்தான்களைக் கொட்டி வைத்ததுபோல இருக்கும். இன்னொன்று கொத்துக் கொத்தாகக் கை விரித்து, மூடி, மறுபடி விரிக்கும். வேலையெல்லாம் போட்டது போட்டபடி அதன் எதிரே நான் நின்ற நாட்கள் உண்டு.

பார்க்கத்தான் அழகு. வைத்துக் காப்பாற்றுவது ஒரு சம்சாரத்தை நடத்துகிற மாதிரி. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஆகாது. வடிகட்டி, ஒன்றுமே இல்லாத தண்ணீராக்கி, அதில் அதற்கென்று விற்கும் உப்பைக் கலந்து, சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஞாயிறுதோறும் நாற்பது லிட்டர் பழைய தண்ணீர் வெளியே, நாற்பது லிட்டர் புதிய தண்ணீர் உள்ளே. கழிவை நுரையாகத் திரட்டும் ஒரு கருவி உண்டு. அதன் கிண்ணத்தில் சேரும் கறுப்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவ வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்பு பிடித்த பம்ப்பை மாதம் ஒருமுறை வினிகரில் ஊறப்போட வேண்டும். வெளியே நாற்பத்தொரு டிகிரி கொளுத்தும்போது உள்ளே இருபத்தாறைத் தாண்டக் கூடாது. அதற்கென்று தனி குளிர்பெட்டி, கரண்ட் போனால் அதற்கு பேட்டரி. அவர் மனைவி தனம் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எனக்கு நூத்திரண்டு காய்ச்சல் அடிச்சப்போ ஒரு மாத்திரைய கைல குடுத்துட்டு கடைக்குப் போய்ட்டாரு. இதுங்களுக்கு ஒரு டிகிரி ஏறினா கடைக்கு லீவு."

இனி அக்காவைச் சொல்ல வேண்டும். அர்ஜுனனின் ஒரே கூடப்பிறப்பு ராணியம்மாள், எட்டு வயசு மூத்தவர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் வீடு. வீட்டுக்காரர் இராமலிங்கம், இரண்டு ஏக்கர் விவசாயி. பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்த ஊரில் ராணியம்மாளுக்கு ஒரு மரியாதை இருந்தது, பிள்ளை பெற்றவர்களுக்கும் கிடைக்காத மரியாதை. கைராசிக்காரி. மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை ஆடிப் பட்டத்திலும் மார்கழிப் பட்டத்திலும் விதைக்கும்போது, முதல் பிடி விதையை அவர் கையால்தான் போட வேண்டும். காலையிலேயே யாராவது வந்து வாசலில் நிற்பார்கள். இவர் குளித்து, மஞ்சள் பூசி, போய் அந்த நிலத்தில் நின்று கிழக்கே பார்த்து முதல் பிடியைப் போடுவார். அப்புறம்தான் ஆட்கள் இறங்குவார்கள். காசு வாங்க மாட்டார். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு அடுத்த நிலத்துக்குப் போய்விடுவார். விதைப்பு நாட்களில் அந்த அம்மாளின் நடையே வேறு மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள்.

பௌர்ணமி தவறாமல் காலையில் மலை சுற்றி, கோயிலில் தீர்த்தம் வாங்கி, செம்புச் சொம்பில் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வருவார். தொட்டியை முதன்முதலில் பார்த்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மலையும் ஒரே ஊர்ல, கடலும் ஒரே ஊர்ல. யாருக்குடா கெடைக்கும் இந்தக் கொடுப்பினை!" என்றார். கை விரிக்கும் பவளத்தை அவர் 'பூவு' என்றுதான் சொல்வார். ஒவ்வொரு முறையும் அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஊர்ச்சேதி முழுவதையும் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் தனத்திடம் பேச உள்ளே போவார்.

அந்த வருஷம் சித்திரைக் கடைசியில், கத்திரி வெயிலில், தண்ணீரை மேலே தள்ளும் பெரிய பம்ப்பைக் கழுவ எடுத்தபோது அர்ஜுனனின் கை நழுவிவிட்டது. பம்ப்பின் நடுவில் விசிறி சுற்றுவதற்கு விரல் நீளத்தில் பீங்கான் ஊசி ஒன்று இருக்கும். அது இரண்டாக உடைந்தது. சென்னைக் கடைக்குப் போன் செய்தால், நாலு நாளில் கூரியரில் வரும் என்றார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. சின்ன பம்ப் ஒன்றை வைத்து நாலு நாளை ஓட்டியிருக்கலாம். நான்கூடச் சொன்னேன். "ஒரு குச்சிக்கு நாலு நாளா? என்ன சார், என்னை வெச்சுக்கிட்டு!" என்று தன் கடைக்குப் போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்தார். லேத்தில் கடைந்த புது ஊசி, பொன் நிறத்தில், அளவு சொல்லி அடித்தது மாதிரி இருந்தது.

"கன்மெட்டல் சார். போர் மோட்டார்ல இதுலதான் புஷ்ஷு போடுவோம். நூறு வருஷம் தண்ணில கெடந்தாலும் துருப் பிடிக்காது" என்றார்.

நானும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆஹா, கம்பெனிக்காரன் பிச்சை வாங்கணும்" என்றேன். நான் பி.எஸ்சி. வேதியியல். கன்மெட்டலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் செம்பு என்று இரண்டாம் வருஷத்தில் பரீட்சை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்து நாளில் பவளங்கள் சுணங்கின. கை விரிப்பது பாதி விரித்து நின்றது. பொத்தான் பவளம் காலையில் மூடியது மாலையிலும் திறக்கவில்லை. வெயில் ஜாஸ்தி, அதனால் இருக்கும் என்று அர்ஜுனன் குளிர்பெட்டியின் அளவை மாற்றிப் பார்த்தார். உப்பைப் பார்த்தார், சுண்ணாம்பைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் வைகாசிப் பௌர்ணமி வந்தது. அக்கா வந்தார்.

நானும் அப்போது அங்கே இருந்தேன். "இன்னாடா, பூவு வாடிக் கீது?" என்று கேட்டார். தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி உள்ளே போன நேரத்தில் அந்த அம்மாள் சொம்பிலிருந்து ஒரு கை தீர்த்தம் எடுத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, தொட்டிக்குள் விட்டார். என்னைப் பார்த்து, "நோவு தீரட்டும் சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனசோடு விட்ட ஒரு கைத் தண்ணீர், அவ்வளவுதான்.

அடுத்த நாலு நாளில் தொட்டி பாழாயிற்று. முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு இறால். பிறகு பவளங்கள், சோப்பு கரைவதுபோலக் கரைந்து பாறையிலிருந்து வழிந்தன. வீடெல்லாம் நாற்றம். மீன்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் சுற்றி வந்தன. மீன் பிழைத்து நத்தை செத்தால் செம்பு இருக்கிறதா என்று பாருங்கள், நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம் என்று சென்னைக் கடைக்காரர் சொல்லி, சோதிக்கும் மருந்தையும் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து பார்த்தவன் நான்தான். குப்பியில் சொட்டு விட்டதும் நிறம் மாறியது.

"செம்பு இருக்கு அண்ணா" என்றேன்.

"எங்க வூட்ல ஏது சார் செம்பு?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். நான் அடுத்தவரைக் கெடுத்தேன். "பௌர்ணமியன்னிக்கு நீங்க உள்ள போனப்ப அக்கா தீர்த்தம் விட்டாங்க, அது செம்புச் சொம்புதானே?" என்று கேட்டுவிட்டேன். பவளங்கள் அதற்கு முன்பே வாட ஆரம்பித்துவிட்டன என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நானூறு லிட்டரில் ஒரு கைத் தண்ணீர் எம்மாத்திரம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கணக்குப் போடும். ஆனால் கையில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வேறு காரணம் தேட எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, ஆபீசில் மனு வாங்கும் நாள். அடி அண்ணாமலையிலிருந்து திரௌபதி என்ற அம்மாள் பட்டா மனு கொடுக்க வந்தவர், துணைக்கு ராணியம்மாளை அழைத்து வந்திருந்தார். மனு கொடுத்துவிட்டு இருவரும் ஒரு பை முருங்கைக்காயோடு தம்பி வீட்டுக்கு வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் சத்தம் கேட்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன்.

பாறை மொட்டையாக நின்ற தொட்டியைக் காட்டி அர்ஜுனன் கத்திக்கொண்டிருந்தார். "உன்ன யாரு ஊத்தச் சொன்னது? உன் கைராசிய உங்க ஊரு மல்லாட்டைக்கு வெச்சுக்கோ. என் வூட்ல உன் கை பட்டதெல்லாம் செத்துப்போச்சு, பாரு. இனிமே எதையும் தொடாத!"

தனம் ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார். ராணியம்மாள் தம்பியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "நல்லதுக்குத்தான்டா செஞ்சேன். தெரியாம பண்ணிட்டேன்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். திரௌபதி பின்னாலேயே போனார். முருங்கைக்காய்ப் பை வாசலிலேயே கிடந்தது.

அர்ஜுனன் தொட்டியைக் காலி செய்தார். பாறைகளை மாற்றினார். புதுத் தண்ணீர், புது உப்பு எல்லாம் போட்டு, நத்தைகளை விட்டார். ஆடி போய் ஆவணி பிறந்தது. நத்தைகள் மறுபடி விழ ஆரம்பித்தன. இந்த மூன்று மாசத்தில் அக்கா அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. அவர் கை படாமலே சாகிறதென்றால் காரணம் வேறு என்று அப்போதுதான் அர்ஜுனனுக்கு உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே பம்ப்பைப் பிரித்தார். பொன் நிறத்தில் போட்ட ஊசி கறுத்து, இடுப்பு தேய்ந்து, ஓரங்களில் பச்சையாகப் பூத்திருந்தது. துருப் பிடிக்கவில்லை, அது வாஸ்தவம். கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. குப்பியில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டேன். மறுபடி நிறம் மாறியது.

வெகுநேரம் அந்த ஊசியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "என் கை வேலைதானா சார்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"அக்காகிட்ட நானே போய் சொல்லிக்கறேன். நீங்க எங்கயும் வாய தொறக்காதீங்க."

"எப்ப போறீங்க?"

"இந்தப் பௌர்ணமிக்கு வரும் சார். கோவம் ஆறட்டும்."

அந்தப் பௌர்ணமிக்கு அக்கா வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. பொங்கலுக்கு வழக்கமான சீரை அர்ஜுனன் ஆள் மூலம் அனுப்பினார். அங்கே வாங்கிக்கொண்டார்கள். "வாங்கிச்சே, அப்ப கோவம் கொறஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் கொரோனா வந்தது. ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த இரண்டு வருஷம், அவருக்கு நல்ல சாக்கு. அதற்கப்புறம் நாள் கடந்துவிட்டது, இனிமேல் போய் எப்படி ஆரம்பிப்பது என்ற கூச்சம். நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொம்பு என்ற சொல்லை முதலில் எடுத்தவன் நான் என்பதால் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. தெருவில் எதிரெதிரே வீடு கட்டிக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே கோழைத்தனத்தை ஐந்து வருஷம் ஆளுக்குப் பாதியாகச் சுமந்தோம்.

தொட்டி மட்டும் செழித்தது. அதையும் சொல்ல வேண்டும். அர்ஜுனன் அதற்குப் பிறகு பம்ப்பில் கைவைக்கவே இல்லை. கம்பெனி ஊசி இரண்டு எப்போதும் தயாராக வாங்கி வைத்திருந்தார். தண்ணீருக்குள் போகும் எதிலும் உலோகம் கூடாது என்று ஒரு திருகாணியைக்கூட விடவில்லை. மாதம் ஒருமுறை செம்பு இருக்கிறதா என்று சோதித்தார். பவளத்திடம் செய்த தப்புக்கு அத்தனை பரிகாரமும் செய்தார். அக்காவிடம் செய்ததற்கு ஒரு பஸ் ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

போன ஆனி மாசம் திரௌபதி மறுபடி ஆபீசுக்கு வந்தார், வேறொரு மனுவோடு. பேச்சுவாக்கில், "விதைப்பெல்லாம் எப்படி, ராணியம்மா பிஸியா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா சார்? அது வெதைய தொட்டு அஞ்சு வருஷமாவுது. அன்னிக்கி இங்க அவரு சொன்னாரு இல்ல, அந்த ஆடிக்கு நாங்க போய்க் கூப்ட்டா, 'என் கை ஆவாத கை, உங்க நெலத்த கெடுக்க மாட்டேன்'னு கதவ சாத்திக்கிச்சு. அதுங்க சொந்த நெலத்துக்கே இராமலிங்கம்தான் போடறாரு. நான்தான் தெரியாம அந்தப் பேச்ச ஊர்ல சொல்லிப்புட்டேன். அதுக்கப்புறம் யாரும் கூப்டறதும் இல்ல."

ஐந்து வருஷமும் அக்கா கோபத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சாயந்திரம் போய் அர்ஜுனனிடம் சொன்னேன். தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெதையே போடறதில்லையா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மறுநாள் காலையிலேயே அடி அண்ணாமலைக்குப் போனோம். முன்தினம்தான் நல்ல மழை பெய்திருந்தது. வழியெல்லாம் நிலங்களில் ஏர் ஓட்டி மண்ணைக் கிளறி விதைப்புக்குத் தயாராக இருந்தார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே அர்ஜுனன் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்கு ஒப்பித்துக் காட்டினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போகிறோம் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

ராணியம்மாள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. "வாடா. வாங்க சார். தனம் நல்லா கீதா?" என்றார். ஐந்து வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அர்ஜுனன் திட்டமிட்ட எதையும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய அந்த ஊசியை எடுத்து அக்கா எதிரே முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுதான்க்கா. நீ இல்ல. நான் கடைஞ்சு போட்ட குச்சி. இதுலதான் செம்பு இருந்துது. உன் தீர்த்தத்தால ஒண்ணும் ஆவலை. நீ வர்றதுக்கு முன்னாடியே அதுங்க சாவ ஆரம்பிச்சிடுச்சு. சாரை கேளு."

"ஆமாம்மா. நான்தான் தப்பா சொன்னேன்" என்றேன்.

அந்த அம்மாள் ஊசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கொல்லலையா? அண்ணாமலையாரே! அந்தப் பூவு மூஞ்சி எத்தன நாளு கனவுல வந்துது தெரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அர்ஜுனனும் அழுதுகொண்டே சிரித்தார். விஷயம் முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"அப்ப வா, எழுந்திரு. இந்த ஆடிக்கு நீதான் போடணும். நானே ஊரு பூரா போய் சொல்றேன், என் தப்புன்னு. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு சொல்றேன்."

ராணியம்மாளின் சிரிப்பு நின்றது. "வேணாம்டா."

"ஏன்? அதான் உன் கை இல்லன்னு ஆயிடுச்சே?"

"அது இல்லடா." முறத்தைக் கீழே வைத்தார். "மொத ஆடிக்குப் பயந்துக்கினுதான் போடலை. எங்கே நெலத்துக்கு ஆவாமப் போயிடுமோன்னு. ஐப்பசியில புடுங்கும்போது பாத்தா எல்லாருக்கும் நல்லா வெளஞ்சிருந்துது. எப்பவும் வர்றதவிட ஜாஸ்தி. சரி, மழைன்னு நெனச்சேன். மார்கழிக்கும் வெளஞ்சுது. அடுத்த வருஷமும் வெளஞ்சுது. ஒரு பட்டம்னா மழைன்னு சொல்லிக்கலாம். பத்து பட்டம்டா. நான் போடாமலே பத்து பட்டம் வெளஞ்சிருக்கு. நீ கெட்ட கைன்னு சொன்னதைக்கூடத் தாங்கிக்கினேன். இது வெறுங்கைன்னு நானே பாத்துக்கினு கீறேன் பாரு, அதுதான் தாங்கல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போய் அவங்க நெலத்துல நிக்கறது?"

அர்ஜுனன் அக்காவின் கையைப் பிடிக்கப் போனார். அவர் பதமாக இழுத்துக்கொண்டார். சாதாரணமாக, ஊர்ச்சேதி விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"இந்தக் குச்சிதான்னு உனக்கு எப்படா தெரிஞ்சுது? நேத்தா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட மாட்டாரா என்று நான்கூட வேண்டிக்கொண்டேன். அர்ஜுனன் பொய் சொல்லவில்லை.

"அந்த வருஷமே தெரியும்க்கா. ஆவணியில."

ராணியம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் இருந்தீங்களா சார்?"

"இருந்தேன்மா."

அவர் ஊசியைத் துணியில் திரும்பவும் சுற்றித் தம்பி பக்கம் நகர்த்தி வைத்தார். தெருவுக்கு அந்தப்புறம் யாரோ ஆட்களைக் கூப்பிட்டு விதை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆவணியிலயா? அப்ப மல்லாட்டை இன்னும் மண்ணுக்குள்ளதானடா இருந்துது."